செங்கமலத்தின் நரி

கன்னியப்பன் அதை நாய்க்குட்டி என்று சொல்லித்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தான். வேர்க்கடலைக் கொல்லையின் ஓரத்தில் இருந்த வளை மழையில் இடிந்துபோய், இது மட்டும் சேற்றில் கிடந்து முனகிக்கொண்டிருந்ததாம். தண்டலத்தில் பெங்களூர் ரோட்டு ஓரமாக இட்லிக் கடை வைத்திருந்த அவன் மனைவி செங்கமலத்துக்கு நாய் என்றாலே ஆகாது. ஆனாலும் வெடவெடவென்று நடுங்கிய அந்த உயிரை வெளியே தள்ள மனம் வரவில்லை. அடுப்படிக் கதகதப்பில் ஒரு சாக்கை விரித்தாள். பஞ்சைப் பாலில் நனைத்து வாயில் வைத்தாள். அது பஞ்சோடு சேர்த்து அவள் விரலையும் சப்பியது. அன்றைக்கே சின்னான் என்று பெயரும் வைத்துவிட்டாள்.

நாளாக ஆகக் காது விறைத்துக்கொண்டு நின்றது. வால் புசுபுசுவென்று வளர்ந்தது.

"இன்னாய்யா, நாய் வாலு இப்படியா இருக்கும்?"

"அது ஜாதி நாய்மே. அப்படித்தான் கீது."

ஒருநாள் மத்தியானம் நெல் மில்லில் சங்கு ஊதியது. சின்னான் மூஞ்சியை வானத்துக்குத் தூக்கி, சங்கோடு சேர்ந்து நீளமாக ஓர் ஊளை விட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையும் கையுமாக எழுந்து நின்றுவிட்டார்கள். செங்கமலம் புருசனைப் பார்த்தாள். அவன் கூரையில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்ப்பவன்போல நின்றான்.

"நரின்னு சொன்னா நீ உள்ள வுடமாட்டியேன்னுதான்..."

"அடப்பாவி, நரின்னு சொல்லியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். நாய்னு சொல்லி இத்தினி நாளா பயந்துகினே சோறு வெச்சேன்."

நரி முகத்தில் முழித்தால் யோகம் என்பது ஊரறிந்த விஷயம். லாரி டிரைவர் சுப்பராயன் ஒருநாள் கடை வாசல் கயிற்றுக் கட்டிலில் தூங்கி விழித்தபோது, சின்னான் அவர் மூக்கை மோந்துகொண்டு நின்றது. தட்டிக்கொண்டே போன அவர் மகள் கல்யாணம் அன்றைக்கே நிச்சயமானது. அப்புறம் கேட்கவேண்டுமா? விடிந்தால் வாசல் முழுக்க டிரைவர்கள், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "யக்கா, நரியைக் கொஞ்சம் இட்டாந்து காட்டேன்" என்பார்கள். சின்னானுக்கு அந்தக் கூட்டம் பிடிக்காது. செங்கமலம் வந்து பக்கத்தில் குந்தினால்தான் அதுவும் வரும், வந்து அவள் முழங்காலுக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

மில் முதலாளி கோதண்டம் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றபோது அவரும் கடைக்கு வந்தார்.

"ஓட்டு போடற அன்னிக்கு நான் நரி முகத்துலதாம்மா முழிக்கணும். ஒரே ஒரு ராத்திரி குடு. காலையில நானே கொண்டாந்து வுட்டுடறேன்."

கன்னியப்பன் அவருடைய மில்லில் மூட்டை தூக்குகிறவன். முதலாளியின் முதுகுக்குப் பின்னால் நின்று மனைவியைக் கண்ணாலேயே கெஞ்சினான். அவளும் என்ன செய்வாள்? கழுத்து உறுத்தாமல் இருக்கத் தன் பழைய புடவையைக் கிழித்துக் கட்டினாள். அது படுக்கும் சாக்கையும் கூடவே கொடுத்தாள்.

"மீன் தலை வெச்சா துன்னும்ணே. அதட்டிப் பேசாதீங்க, அதுக்கு ஆவாது."

அன்று ராத்திரி ஏரிக்கு அக்கரையில் இருந்த கோதண்டத்தின் வீட்டிலிருந்து சின்னானின் ஊளை விடாமல் கேட்டது. அதைக் கேட்டு ஏரிக்கரைப் புதரில் இருந்த நரிகள் அத்தனையும் பதில் குரல் கொடுத்தன. செங்கமலம் பொட்டுக்கூடத் தூங்கவில்லை. கருக்கலிலேயே அடுப்புப் பற்றவைக்காமல் கிளம்பிவிட்டாள்.

ஏரிக்கரை மேட்டில் எதிரே கோதண்டம் வந்துகொண்டிருந்தார். அவர் வந்தார் என்பதைவிட, சின்னான் அவரை இழுத்து வந்தது என்பதுதான் சரி. கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. வேட்டியெல்லாம் சேறு. அவளைக் கண்டதும் சின்னான் திமிறிக்கொண்டு ஓடிவந்தது. காலடியில் விழுந்து புரண்டது, அழுவதுபோல முனகியது, புடவைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு விடவேயில்லை. அவளும் மண்ணிலேயே உட்கார்ந்து அதை மடியில் வாரிப்போட்டுக்கொண்டாள்.

அப்புறம் கேட்டாள். "முகத்துல முழிச்சீங்களாண்ணே?"

"எங்கம்மா முழிக்கிறது? தூங்கினாத்தானே முழிக்கிறதுக்கு. எங்க தெருவே கொட்டக் கொட்ட உக்காந்துகினு இருந்துச்சு."

ஆனால் கோதண்டம் ஜெயித்துவிட்டார். நரியை அவர் கட்டியிருந்த கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் எதிர்வேட்பாளர் நடேசனின் வீடு. ஆளைக் கூட்டிவந்து ஓட்டுப்போட வைக்க வேண்டிய நடேசனின் ஆட்கள் அங்கேதான் தங்கியிருந்தார்கள்; ராத்தூக்கம் கெட்டதில் பகலெல்லாம் புளியமரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஓட்டுப்பதிவு முடிந்து பொழுது சாய்ந்துதான் எழுந்தார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து கேட்டார்கள். பரீட்சைக்கு, கோர்ட்டுக்கு, பெண் பார்க்கப் போவதற்கு. "இனி ஆருக்கும் அனுப்பறதா இல்ல" என்று செங்கமலம் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

மார்கழியில் ஏரிக்கரை நரிகள் மறுபடி கூப்பிட்டபோது சின்னான் காதை விறைத்துக்கொண்டு வாசலில் நின்றது. அன்று வந்த பதில்களை அது மறக்கவில்லை போலும். செங்கமலமே கழுத்துத் துணியை அவிழ்த்தாள். அது ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடியது. அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவள் அரைத்த சட்னியில் உப்பே இல்லை என்று சாப்பிட வந்தவர்கள் சொன்னார்கள்.

அப்புறம் ஒரு மத்தியானம், கடையில் நல்ல கூட்டம் இருந்த நேரம், வால் நிறைய முள்ளோடு உள்ளே நுழைந்து அவள் பாதத்தின்மேல் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. அவள் முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள், பிடுங்கப் பிடுங்கத் திட்டினாள்.

"வூட்டுக்கு வராத புருசனைக்கூட ஒருத்தி இப்படித் திட்டமாட்டா" என்றான் கன்னியப்பன்.

"நீ ஒரு நாளு வராம இருந்து பாரு" என்றாள் செங்கமலம்.

சின்னான் ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.