அண்டாவுக்கும் கமலைக்கும் நடுவில்

உலக வரலாற்றில் சொந்தப் பூட்டனைப் பழிவாங்குவதற்கென்றே பிறந்த முதல் மனிதன் தான்தான் என்பதில் விஷாலுக்குச் சந்தேகமே இல்லை. பூட்டன் செத்து எழுபது வருஷம் ஆகிவிட்டது ஒரு குறைதான். ஆனால் பூட்டனின் பேரன், அதாவது விஷாலின் அப்பா மொக்கராசு, பட்டு வேட்டியோடு கண்ணெதிரே உட்கார்ந்திருந்தார். பழிக்கு அது போதும்.

பழனிசெட்டிபட்டி மண்டபத்தில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். தாலி ஏறி, முதல் பந்திக்கு இலை போட ஆரம்பித்தபோது, பெரியப்பாவே மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். பையன் நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்துவிட்டார், பாவம்.

விஷால் சட்டைப்பையிலிருந்து ஒரு நகலைப் பிரித்தான். பத்திர ஆபீசுக்கு மூன்று முறை அலைந்து வாங்கியது. பூட்டனும் அவர் தம்பியும் 1938இல் சொத்தைப் பிரித்துக்கொண்ட பாகப்பத்திரம்.

"எங்க பூட்டன் பங்குக்கு வந்ததை வாசிக்கிறேன். உழவு மாடு ஆறு. செம்பு அண்டா ரெண்டு. பண்ணையாள் அய்யம்மாள், வயிற்றுப் பிள்ளை சகிதம். தண்ணி இறைக்கிற கமலை ஒண்ணு."

இலை போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"அண்டாவுக்கும் கமலைக்கும் நடுவுல ஒரு மனுசி. அண்டா ரெண்டும் பத்திரமா இருக்கு. இன்னைக்கு சாம்பார் அதுலதான் கொதிக்குது."

"ஏலே, அந்த மைக்கைப் பிடுங்குங்கடா!" பின்வரிசையிலிருந்து தாய்மாமா கத்தினார். "குடிச்சிருக்கானா?"

"இல்ல மாமா, பத்திரத்தைப் படிச்சிருக்கேன். இன்னும் முடியல, உக்காருங்க. காலனிக்காரக சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு முப்பது வருசமா எங்க வாசல்ல நிக்கிறாக. எங்கப்பா ஒருநாளும் முடியாதுன்னு சொன்னதில்ல. அம்புட்டு நல்லவரு." அப்பாவைப் போலவே மீசையை நீவி, தொண்டையைச் செருமினான். "'சீசன் முடியட்டும்ப்பா.' எந்த சீசன்? மாங்கா முடிஞ்சா தேங்கா, தேங்கா முடிஞ்சா நெல்லு. பூட்டன் பத்திரத்தை வச்சு ஆண்டாரு. எங்கப்பா சீசனை வச்சு ஆளுறாரு."

காலேஜ் கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவின் முகம் கறுப்பதை விஷால் ருசித்துப் பார்த்தான்.

அவன் வற்புறுத்தி முன்வரிசையில் உட்காரவைத்திருந்த மாரீஸ்வரி எழுந்தாள். அய்யம்மாளின் பேத்தி, பெரியகுளத்தில் வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள். அவள் சிரிக்கவில்லை.

"அந்த வயித்துப் பிள்ளைதான் தம்பி எங்கப்பா, சின்னக்கருப்பு. போன வருசம் இதே ஐப்பசியில செத்தாக. உங்க வேலியைச் சுத்தி, வாய்க்கால்ல நெஞ்சு முட்டத் தண்ணியில தூக்கிட்டுப் போனோம். பாடை நழுவி ரெண்டு தடவை முங்குனாக. அங்கனயே சத்தியம் பண்ணேன், இந்த வீட்டு ஆளு கையாலயே வேலியைப் பிரிக்க வைக்கணும்னு."

பையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்தாள்.

"பாதைக்கு எழுதிக் கொண்டாந்துட்டேன். கையெழுத்துதான் பாக்கி. அடுத்த சாவு சீசன் பாத்து வராது."

"போடுங்கப்பா!" விஷால் மைக்கில் கர்ஜித்தான்.

"அப்பா போட்டா செல்லாது தம்பி," என்றாள் மாரீஸ்வரி. "நீங்க போடணும். பட்டாவைப் பாத்துட்டுத்தான் டைப் அடிச்சேன்."

விஷாலுக்குப் புரியவில்லை. மைக் மகன் கைக்குப் போனதிலிருந்து இறுகியிருந்த மொக்கராசுவின் முகம் முதல்முறையாக மலர்ந்தது.

"தெக்குத் தோட்டம்லே. உங்க தாத்தா உன் பேருக்கு உயில் எழுதுனது. பாதை அதுக்குள்ளதான் போகணும்." பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மகனிடம் நீட்டினார். "ரோட்டோரமா பன்னெண்டு காசாலட்டு மாமரம் போகும். போனாப் போகுது. போடுலே, எல்லாரும் பாக்குறாகள்ல."

விஷால் தாளைப் பார்த்தான். அவன் பெயர் பிழையில்லாமல் டைப் ஆகியிருந்தது. ரோட்டோரம். படிப்பு முடிந்ததும் அந்த இடத்தில்தான் ஸ்டுடியோ கட்டி, இந்த மாதிரி அநியாயங்களையெல்லாம் வீடியோ போட்டுக் கிழிப்பதாகத் திட்டம்.

மாரீஸ்வரி தாளை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். கண் இமைக்கவில்லை.

மைக்கை அணைத்தான். ஐப்பசியில் மாமரத்தில் ஒரு பிஞ்சுகூடக் கிடையாது என்பது அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"சீசன் முடியட்டும்க்கா," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.