வயிற்றில் மூன்று நாள் சோறு

குஞ்சு வண்டி வந்த அன்றைக்கு அஷ்டமி. இருபத்தொரு நாளில் ஓட்டை உடைக்கிற குஞ்சுக்குப் பஞ்சாங்கம் தெரியுமா? கம்பெனிக்காரனுக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் குமரகுருவுக்கு மட்டும்தான் தெரியும்.

நாலு விசைத்தறியையும் விற்று ராசிபுரத்துக்கு மேற்கே போட்ட கோழி ஷெட் எங்களுடையது. கம்பெனி குஞ்சும் தீனியும் கொடுக்கும், வளர்த்துக் கொடுப்பது நாங்கள். முதல் தடவை குஞ்சு தேறாவிட்டால் அடுத்த தடவை வண்டி வராது என்று கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிட்டார்கள். அப்புறம் எங்களுக்குத் தறியும் இல்லை, கோழியும் இல்லை.

உமி பரப்பி, சூட்டுக்குப் பல்பு போட்டு, தட்டுகளில் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தேன். முப்பது அட்டைப் பெட்டிகள் இறங்கின. வண்டி திரும்பியதுமே இவர் ஷெட்டைப் பூட்டச் சொன்னார். புது ஷெட்டுக்குள் முதல் குஞ்சை அஷ்டமியில் விட்டால் விளங்காதாம். மறுநாள் நவமி, அதுவும் ஆகாது. தசமி விடியலில் விடலாம், அதுவரை பெட்டிகள் காலித் தறிக்கூடத்தில் இருக்கட்டும் என்றார்.

"ரெண்டு நாளைக்கு என்னத்தைங்க குடுக்கறது?" என்றேன்.

"நீதான சொன்ன, வயித்துல மூணு நாளைக்குச் சோறு வெச்சுக்கிட்டுத்தான் குஞ்சு பொறக்குதுன்னு."

சொன்னேன். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. நாமக்கல்லில் கோழி வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வந்த பெருமையில் கண்டவரிடமெல்லாம் சொன்னேன். முட்டைக்குள் கருவை வளர்ப்பது மஞ்சள் கரு. பொரிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், மீதி இருப்பதைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் தூரத்திலிருந்து பட்டினியாக வண்டியில் வந்தாலும் தாங்குகிறது. பாடம் எடுத்த அம்மா அதற்கு மேலும் ஏதோ சொன்னாராம். நான் அப்போது டீ குடிக்கப் போயிருந்தேன்.

தறிக்கூடத்தைப் பூட்டிச் சாவியை என்னிடமே கொடுத்தார். முதல் நாள் பூராவும் கத்தல், காது கொடுக்க முடியவில்லை. இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல் கத்தல் குறைந்தது. பசி அடங்கிவிட்டது என்றார், பாவி மனுஷன். ஒரு தட்டுத் தண்ணீராவது வைக்கிறேன் என்றதற்கு, பெட்டி ஊறிப்போகும், பேசாமல் இரு என்று அதட்டினார். நானும் பேசாமல் இருந்தேன்.

தசமி விடியலில் கற்பூரம் காட்டி ஷெட்டைத் திறந்தோம். பெட்டியிலிருந்து எடுத்து விட்டதில் பாதிக்கு மேல் எழுந்து நிற்கவே இல்லை. நின்றவையும் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அடுத்த நாள் கம்பெனி டாக்டர் ஞானதாஸ் வந்தார்.

செத்த குஞ்சு ஒன்றின் வயிற்றைக் கத்தரியால் வெட்டித் திறந்தார். மஞ்சள் கரு கரையாமல் கட்டியாக இருந்தது. முகர்ந்து பார்த்தார். நாற்றம் இல்லை, அதனால் குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியில் வந்த கிருமி இல்லை என்றார். கால் தோல் வறண்டு சுருங்கியிருந்ததைத் தடவிக்கொண்டே, தண்ணீர் எப்போது வைத்தீர்கள் என்று கேட்டார்.

இறக்கின உடனே வைத்துவிட்டோம் என்றார் இவர். அப்படியானால் சூடு போதவில்லை, பல்பை யார் கவனித்தது என்றார் டாக்டர். கொஞ்சமும் கூசாமல் இவர் என் பக்கம் கையை நீட்டினார்.

"இவதானுங்க. அசந்து தூங்கிட்டாளுங்க."

நான் டாக்டர் முன்னால் போய் நின்றேன்.

"பொய்யிங்க. அஷ்டமி நவமின்னு ரெண்டு நாள் பெட்டிக்குள்ளயே கெடந்துச்சுங்க. ஒரு சொட்டுத் தண்ணி வெக்கலீங்க. வயித்துலதான் மஞ்சக்கரு இருக்குதேன்னு உட்டுட்டமுங்க."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"வாயில தீனியும் தண்ணியும் எறங்குனாத்தானம்மா குடல் வேலை செய்யும்? அப்பத்தான் உள்ள இருக்கற மஞ்சக்கருவும் சரியாக் கரையும். வயித்துல சோத்தை வெச்சுக்கிட்டே பட்டினியில செத்திருக்குதுங்க."

அடுத்த வண்டி வரவில்லை. கட்டினவனைக் காட்டிக் கொடுத்தவள் என்று இவர் சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிகிறார். சொல்லட்டும். வேறு கம்பெனியைப் போய்ப் பார்ப்பதற்கு நல்ல நாள் தேடிக்கொண்டிருக்கிறார். தேடட்டும்.

என்னை அறுப்பது அதெல்லாம் இல்லை. அந்த இரண்டு நாளும் இவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினார். தறிக்கூடத்துச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது.