மதிலுக்குள் ஒரு பிள்ளை

என் தம்பி எம்ரிஸைப் போல ஒரு கூறுகெட்டவனைக் கார்நார்வன் பெற்றதே இல்லை. உண்மையைச் சொன்னால் இந்த ஊர் அவனைப் பெறவே இல்லை, அதுதான் அவனுக்குப் பெரிய குறை. கோட்டையையும் பழைய ஊரையும் சுற்றி நிற்கிற மதிலுக்குள் பிறந்தவரைத்தான் எங்கள் ஊரில் அசல் கோவி என்போம். மதிலுக்குள் ஆஸ்பத்திரி கிடையாது, அதனால் எங்கள் வயதுக்காரர்கள் எல்லாரும் பக்கத்து ஊரான பாங்கர் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். எனக்கு அதனால் ஒரு விரலும் குறைந்துவிடவில்லை. எம்ரிஸுக்குத்தான் மனசு ஆறவில்லை. அப்பா மதிலுக்குள், வீட்டிலேயே பிறந்தவர். மதுக்கடையில் அவர் பக்கத்தில் இவன் போய் உட்கார்ந்தால், "பாங்கர்க்காரா, அது கோவிங்க உட்கார்ற இடம்டா" என்று இவன் கூட்டாளி கெரெயின்ட் சீண்டுவான். தம்பியும் சிரிப்பான். அப்பாவை அடக்கம் செய்த அன்றும் கெரெயின்ட் வாய் தவறி அதையே சொல்லிவிட்டான். அன்று தம்பி சிரிக்கவில்லை.

நான் கோட்டை வாசலில் டிக்கெட் கொடுக்கிறவள். ஒருநாள் மழைத் தூறலில் எம்ரிஸ் தன் மனைவி மெரரிட்டைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். அவளுக்கு நிறைமாதம். நடந்தால் பிரசவம் சுலபமாக இருக்குமாம், கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்களாம். பிறந்ததிலிருந்து பார்க்கிற கோட்டையை எந்த உள்ளூர்க்காரன் மழையில் வந்து பார்ப்பான்? தோளில் வேறு ஒரு பெரிய பை. கேட்டதற்கு, சாப்பாடு என்றான்.

கொஞ்ச நேரத்தில், உள்ளே யாரோ ஒரு பெண்ணுக்கு முடியவில்லை என்று சுற்றுலாக்காரர் ஒருவர் ஓடிவந்து சொன்னார். போய்ப் பார்த்தால், மெரரிட் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறாள். பக்கத்தில் பை திறந்து கிடந்தது. உள்ளே துண்டுகளும் குழந்தைத் தொப்பியும்தான். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

காலையிலிருந்தே வலி விட்டுவிட்டு வந்ததாம். இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லியே இவன் அழைத்து வந்திருக்கிறான். முற்றிய பிறகு இங்கேயே பிறந்துவிடும், இரண்டு பெற்ற அக்கா பார்த்துக்கொள்வாள் என்று கணக்கு. பாவி.

திட்ட வாயெடுத்தேன், அதற்குள் அவளுக்குப் பனிக்குடம் உடைந்தது. நீர் பச்சையாக இருந்தது. என் இரண்டாவது பிள்ளைக்கும் இப்படித்தான் ஆனது. குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது, உடனே பாங்கருக்குப் போகணும் என்றேன்.

எம்ரிஸ் அசையவில்லை. அப்பா பிறந்த தெரு இருந்த பக்கமாகவே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

மெரரிட்தான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எம்ரிஸ், எம் புள்ள கோவியா இருக்க வேணாம். இருந்தா போதும்."

அவ்வளவுதான். அவளை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு ஓடினான். வாசலில் நின்ற கூட்டத்தை நான் கத்தி விலக்கினேன். என் காரில்தான் போனோம். மதிலைத் தாண்டும்போது அவன் திரும்பியே பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. எடுத்ததும் அழவில்லை. உள்ளே ஆட்கள் ஓடுவதும் வருவதுமாக இருந்தார்கள். எம்ரிஸ் வெளியே தரையில் உட்கார்ந்து, "நான்தான்க்கா கொன்னுட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிட நினைத்துத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதுகைத்தான் தடவிக்கொடுத்தேன். அப்புறம் உள்ளேயிருந்து ஒரு அழுகை வந்தது. பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஆரம்பித்து, பிறகு கட்டடமே அதிர அழுதாள்.

அடுத்த வாரம் மதுக்கடைக்கு நானும் அவனோடு போனேன். கேலி எல்லை மீறினால் கெரெயின்ட்டை ஒரு வழி பண்ணிவிடும் உத்தேசம். எதிர்பார்த்தபடியே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, பிள்ளை எங்கே பிறந்தது என்று அவன் கேட்டான்.

எம்ரிஸ் நிதானமாகக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"பாங்கர்லதான்டா. பொறந்ததும் அழல. அப்புறம் அழுதா."

கெரெயின்ட் நகர்ந்து, அப்பா உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டான்.