உள்பக்கப் பந்து

எதிரணி நெஃப்தலி அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போய்ச் சோளக்காட்டில் விழுந்தது. அதில் எங்களுக்கு வருத்தமில்லை. அடிப்பது அவன் வேலை, அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். ஆனால் அடித்துவிட்டு அவன் ஓடவில்லை. நின்றான். பந்து போகிற அழகை இடுப்பில் கைவைத்து ரசித்தான். பிறகு பேட்டை ஒரு சுழற்றுச் சுழற்றி எங்கள் அணி உட்காரும் டகவுட் பக்கமாகத் தூக்கிப் போட்டுவிட்டு, கடைவீதியில் வேடிக்கை பார்க்கப் போகிறவன்போல நடக்க ஆரம்பித்தான்.

பேஸ்பாலில் நான் கேட்ச்சர். அடிப்பவன் நிற்கும் பிளேட்டுக்குப் பின்னால் பந்து பிடிக்கக் குந்தியிருந்து, முழங்கால் தேய்ந்து, ஊர்க்காரர்கள் திட்டுவதை எல்லாம் முதுகில் வாங்கிக்கொள்கிற ஆள். ஒரு வழியாக நான்கு பேஸையும் சுற்றி வந்து பிளேட்டை மிதித்தவனைப் பார்த்து, "என்ன தம்பி, சீக்கிரம் வந்துட்ட? வழியில காபி கீபி குடிக்கலையா?" என்றேன்.

"வயித்தெரிச்சலா பெருசு?" என்று கண்ணடித்தான்.

"எனக்கு என்ன வயித்தெரிச்சல்? உன் விலா எலும்பை நெனச்சுதான் கவலை."

"அது கெட்டியா இருக்கு. நீ உன் முழங்காலைப் பாரு."

டொமினிக்கன் பையன். பெயர் பெரிது, எல்லாரும் நெஃப்தலி என்றுதான் கூப்பிடுவோம். அவன் ஊரில் இப்படி வேலி தாண்டி ஹோம் ரன் அடித்துவிட்டு ஆடாதவனுக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்று கேட்பார்களாம். கான்சாஸில் அப்படி இல்லை. இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம், ஆனால் எழுதியதைவிட ஒழுங்காக நடக்கும். அடித்துவிட்டு ஆடியவன் மறுபடி அடிக்க வரும்போது பந்து அவன் உடம்புக்குத்தான் வரும். விலாவில் படலாம், தொடையில் படலாம், பின்பக்கத்தில் பட்டால் எல்லாருக்குமே சந்தோஷம். தலை மட்டும் கூடாது. பட்டவன் முனகாமல் முதல் பேஸுக்குப் போய் நிற்க வேண்டும். அதோடு சரி. ஆட்டம் முடிந்ததும் போட்டவனும் பட்டவனும் ஒரே மேசையில் உட்கார்ந்து பீர் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இந்தச் சட்டத்தோடு பெரிய சண்டை எதுவும் கிடையாது. அன்றைக்கு மட்டும் இருந்தது. ஏனென்றால் அன்றைக்கு எங்கள் அணிக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தவன் எம்மெட்.

எம்மெட் நல்ல பிட்ச்சர். இரண்டு வருடம் முன்புவரை இந்த லீகில் அவன் உள்பக்கமாகப் போடும் பந்துக்கு, அதாவது அடிப்பவனின் உடம்பை ஒட்டினாற்போல வந்து பிளேட்டின் ஓரத்தை உரசிப் போகும் பந்துக்கு, பயப்படாதவன் இல்லை. ஒருநாள் ஒன்று கை தவறிப் போய்விட்டது. கோடி என்ற பையனின் கன்னத்தில் பட்டது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. கோடி பிழைத்துக்கொண்டான். விளையாட்டை விட்டுவிட்டு மாமனாரோடு டயர் கடை நடத்துகிறான். கிறிஸ்துமஸுக்கு மனைவி, குழந்தையோடு படம் எடுத்து எம்மெட்டுக்கு வாழ்த்து அனுப்புகிற அளவுக்கு நல்ல மனசு. எம்மெட் அந்தப் படத்தில் குழந்தையைப் பார்க்க மாட்டான், மனைவியைப் பார்க்க மாட்டான். கன்னத்தைத்தான் பார்ப்பான்.

அதற்குப் பிறகு அவன் உள்பக்கம் ஒரு பந்துகூடப் போட்டதில்லை. எல்லாம் வெளிப்பக்கம். நான் கையுறையை உள்ளே காட்டினாலும் பந்து வெளியேதான் வரும். இது எத்தனை நாளைக்கு மறைந்திருக்கும்? லீக் முழுக்கத் தெரிந்துபோனது. அடிப்பவர்கள் பயமில்லாமல் பிளேட்டின்மேல் சாய்ந்துகொண்டு, எம்மெட் போடுவதையெல்லாம் சாத்தினார்கள். நெஃப்தலி சாத்தியதும் அப்படி ஒன்றுதான்.

அன்று காலையிலேயே எங்கள் மேனேஜர் டட்டில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "நாளைக்கு அடுத்த ஆட்டத்துக்கு நம்ம பஸ் விச்சிட்டாவுக்குக் கெளம்புது. இன்னைக்கும் அவன் உள்ள போடலைன்னா, அந்தப் பஸ்ல அவனுக்கு எடம் கிடையாது. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு."

மனசு கஷ்டம் அவர் முகத்தில் தெரியவில்லை. சூரியகாந்தி விதையை மென்று துப்பிக்கொண்டிருந்தார். எம்மெட்டுக்கும் விஷயம் தெரியும். இங்கிருந்து அனுப்பினால் அவனைக் கூப்பிட வேறு அணி கிடையாது. இது கடைசிப் படி. இதற்குக் கீழே டயர் கடைதான்.

ஆறாவது சுற்றில் நெஃப்தலி மறுபடி பேட்டோடு வந்தான். இரண்டு பேர் அவுட் ஆகியிருந்தார்கள், பேஸில் ஆள் இல்லை. கணக்குத் தீர்க்க இதைவிடத் தோதான நேரம் வராது. டகவுட்டைப் பார்த்தேன். டட்டில் ஒன்றும் பேசவில்லை. பேசவும் கூடாது, அம்பயர் காதில் விழுந்தால் வம்பு. தன் விலாவை ஒரு விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான் உத்தரவு. அதை நான் வாங்கி, குந்தியபடியே கட்டை விரலை அடிப்பவன் பக்கம் சுண்டினால் பிட்ச்சர் போடுவான்.

நான் சுண்டவில்லை. அம்பயரிடம் நேரம் கேட்டுவிட்டு எழுந்து, எம்மெட் பந்து போடுகிற மேட்டுக்கு நடந்தேன்.

எம்மெட் கையுறையால் வாயை மூடிக்கொண்டான். கண் மட்டும் தெரிந்தது. "தட்டிட்டாரா?"

"தட்டிட்டாரு."

"என்னால முடியாதுடா. விலான்னு நெனச்சுப் போடுவேன், அது எங்க போகும்னு எனக்கே தெரியாது. அவன் மூஞ்சில பட்டா?"

"அதான் நானும் சொல்றேன். அவன் மேல போடாதே."

"அப்போ?"

"உள்ள போடு. பிளேட்டோட ஓரத்துல. ஸ்ட்ரைக் போடு."

"அது மட்டும் முடியுமா?" என்று சிரித்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் சட்டென்று வரும்.

"முடியலைன்னா நாளைக்கு நாங்க பஸ் ஏறும்போது நீ ரோட்டுல நின்னு கையாட்டு. எனக்கு என்ன? நான் எவன் போட்டாலும் பிடிப்பேன்." திரும்பி நடந்துவிட்டேன். பாதி வழியில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. திரும்பிப் போய்ச் சமாதானம் பேச அம்பயர் விடமாட்டார்.

குந்தினேன். நெஃப்தலி மண்ணைக் காலால் கீறிக்கொண்டே கீழ்க்குரலில் கேட்டான். "வருதா பெருசு? எங்க? விலாவா, பின்னாடியா?"

"சொல்லிட்டா அப்புறம் என்ன சுவாரஸ்யம் இருக்கு?"

"பின்னாடின்னா பர்ஸை எடுத்து வெச்சுட்டு வந்திருப்பேன்."

முதல் பந்து வெளியே, வெகு வெளியே போனது. பாய்ந்து பிடித்தேன். டட்டில் டகவுட்டில் எதையோ உதைக்கிற சத்தம் கேட்டது. இரண்டாவதும் வெளிப்பக்கம்தான். நெஃப்தலி சாய்ந்து அடித்தான், கோட்டுக்கு ஓரடி வெளியே விழுந்தது. ஓரடி உள்ளே விழுந்திருந்தால் எம்மெட்டின் கதை முடிந்திருக்கும். ஒரு ஸ்ட்ரைக். மூன்று சேர்ந்தால் அவன் அவுட்.

நான் கையுறையை மெதுவாக உள்பக்கம் நகர்த்தினேன். நெஃப்தலியின் இடுப்புப் பட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். அவன் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. கேட்ச்சர் எங்கே கை வைத்திருக்கிறான் என்று எட்டிப் பார்ப்பது, ஹோம் ரன் அடித்து ஆடுவதைவிடக் கேவலம். அந்த விஷயத்தில் பையன் மரியாதை தெரிந்தவன்.

எம்மெட் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். ரொம்ப நேரம் நின்றான். சோளக்காட்டிலிருந்து காற்று வந்தது. போடு, போட்டுத்தொலை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போட்டான். உள்ளே வந்தது.

நெஃப்தலி 'வந்துடுச்சு' என்று நினைத்து முதுகைத் திருப்பிக்கொண்டு துள்ளினான். பந்து அவன் சட்டையைக்கூடத் தொடாமல் பிளேட்டின் ஓரத்தைத் தாண்டி என் கையுறைக்குள் விழுந்தது. அம்பயர் ஸ்ட்ரைக் என்று கத்தினார். நெஃப்தலி என்னைப் பார்த்தான். "என்னது இது?"

"பந்து" என்றேன்.

கையுறையை அதே இடத்தில் வைத்தேன். இந்தத் தடவை எம்மெட் காத்திருக்கவில்லை. அதே இடம், முன்னதைவிட வேகம். நெஃப்தலி கையை மடக்கி வீசினான், பேட் காற்றை அடித்தது. அவுட்.

அதோடு எம்மெட் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. அவன் கத்தினான். வார்த்தை இல்லை, வெறும் கத்தல். மேட்டிலிருந்து எகிறிக் குதித்தான். கையுறையை நெஞ்சில் அடித்துக்கொண்டான். நெஃப்தலியின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தி மறுபடி கத்தினான். அவன் நெஃப்தலியைப் பார்க்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டு வருடத்து மூச்சை அவன் வெளியே விட்டான். எனக்கும் கூடவே கத்த வேண்டும்போல் இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகமூடி இருந்ததால் தப்பித்தேன்.

எதிரணிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர்கள் பார்த்தது, ஒரு பிட்ச்சர் தங்கள் ஆளை அவுட்டாக்கிவிட்டு மூஞ்சிக்கு நேராகக் குதிக்கிறான் என்பதுதான். டகவுட் கம்பியில் வரிசையாக வந்து நின்று வாய்க்கு வந்தபடி கத்தினார்கள்.

எங்கள் டகவுட்டில் டட்டில் விதையைத் துப்பினார். "நான் அவன் மேல போடச் சொன்னேன்."

"காலையில உள்ள போடணும்னுதானே சொன்னீங்க? போட்டானா இல்லையா?" என்றேன் நான்.

கொஞ்ச நேரம் மென்றார். "சரி, பஸ்ஸை விட்டுடாம காலையில நேரத்தோட வரச் சொல்லு."

எம்மெட் பெஞ்சில் உட்கார்ந்து தன் வலது கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் கால் கவசத்தைக் கழற்றிப் பேட்டை எடுத்ததும் அவன் சிரிப்பு நின்றது. எங்கள் லீகில் பிட்ச்சர் பேட் பிடிப்பதில்லை. பிட்ச்சர் குதித்து ஆடினால் அதற்கு அவனுடைய கூட்டாளி எவனாவது வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். கேட்ச்சர் கிடைத்தால் ரொம்ப விசேஷம். இப்போது அடிக்கும் முறை எங்களுடையது, முதலில் அடிக்க வேண்டியவன் நான்.

"ஐயோ! நீயாடா முதல்ல?" எழுந்தேவிட்டான். "நான் போய்ச் சொல்லட்டுமா? தெரியாம பண்ணிட்டேன்னு?"

"உக்காருடா. ஒரு வார்த்தை பேசின, நானே உன்னை மிதிப்பேன்."

"வலிக்குமேடா."

"வலிக்காம? பஞ்சு மிட்டாயா போடப் போறான்?"

எதிரணி பிட்ச்சர் ட்ராவிஸ், டெக்ஸாஸ்காரன், கதவு அகலத்துக்கு இருப்பான். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். நானும் அசைத்தேன். கையை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு, பின்வாங்காமல் நின்றேன். விலகியிருக்கலாம். விலகினால் அடுத்தவனுக்குப் போகும், இல்லையென்றால் நாளைக்குப் போகும். எம்மெட்டின் அந்தக் கத்தலுக்கு வர வேண்டியது என் தலையோடு போகட்டும் என்று இருந்தேன்.

இடது விலாவில் விழுந்தது. மூச்சு நின்றுபோய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அம்பயர் இரண்டு பக்கமும் விரலை நீட்டி, போதும், இனி போட்டவன் வெளியே என்று எச்சரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு முதல் பேஸுக்குப் போனேன்.

முதல் பேஸில் காவல் நிற்பவன் நெஃப்தலிதான். என்னைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டே பேசினான்.

"கத்துறதுக்கு ஒரு அளவு வேணாமா பெருசு? நானாவது பேட்டைத் தூக்கித்தான் போட்டேன். உங்காளு மாதிரி கூரையைப் பிச்சுக்கிட்டுப் போற மாதிரியா கத்தினேன்? நான் என்ன அவ்வளவு பெரிய ஆளா?"

"உன்னைப் பார்த்துக் கத்தலை."

"அப்புறம் யாரைப் பார்த்து?"

சொன்னேன். பேசினால் விலா குத்தியது, அதனால் சுருக்கமாகச் சொன்னேன். கோடி, கன்னம், இரண்டு வருடம், நாளைக்குக் கிளம்பும் பஸ். அடுத்த பந்து போய்க்கொண்டிருந்தது. நெஃப்தலி அதைக் கவனிக்கவில்லை.

"இன்னைக்கு எனக்குப் போட்டதுதான் முதல் தடவையா?"

"ஆமா."

கையுறைக்குள் ஒரு தடவை குத்திக்கொண்டான். பிறகு, "முன்னாடியே சொல்றதுக்கு என்ன? ட்ராவிஸ்கிட்டச் சொல்லி மெதுவாப் போடச் சொல்லியிருப்பேனே" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் உயிர் போகிற வலி. அவனும் சிரித்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று டகவுட்டைப் பார்த்துக்கொண்டான். "நீ எதுக்குடா நின்னு பார்த்த?" என்று கேட்டேன்.

"பந்து அழகாப் போச்சு பெருசு. பார்த்தேன்."

எங்கள் சுற்று எதுவும் தேறாமல் முடிந்தது. நான் கவசத்தை மாட்டும்போது எம்மெட் பக்கத்தில் வந்து, "முடியுமாடா? வேற ஆளை உக்காரச் சொல்லட்டுமா?" என்றான். எலும்பில் விரிசல் என்று டாக்டர் மறுநாள்தான் சொல்லப்போகிறார். எனக்கு அப்போதே தெரியும். வேறு கேட்ச்சர் உட்கார்ந்தால் எம்மெட் போடுவானா, உள்ளே போடுவானா என்பதுதான் தெரியாது.

"போய்ப் போடு" என்றேன்.

பிளேட்டுக்குப் பின்னால் குந்தினேன். வெளிப்பக்கம் வரும் பந்தை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொள்ளலாம், விலாவுக்கு அவ்வளவு தெரியாது. உள்பக்கம் வருவதை இடது கையை மடக்கித்தான் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் அடிபட்ட இடத்தில் வந்து இறங்கும். நான் கையுறையை உள்ளே வைத்தேன். எம்மெட் உள்ளே போட்டான். ஆட்டம் முடிகிறவரை அங்கேயே வைத்திருந்தேன்.