ராஜபார்ட் எடுத்துக் கொடுத்த தாலி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். உத்தமபாளையம் நாடகக் கொட்டகைக்கு எதிரே இட்லிக் கடை போட்டிருக்கும் மலையம்மாளிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு மனிதருக்கு மட்டும் இட்லியைச் சூடு ஆற விசிறிவிட்டுப் பரிமாறியிருக்கிறேன். அவர் ராஜபார்ட் பூவலிங்கம்.

அவர் பாட்டு கிராமபோன் தட்டில் வந்துவிட்டது. சென்னைக்குப் போய்ப் பேசும் படம் ஒன்றில் தலையைக் காட்டிவிட்டும் வந்திருந்தார். ஆனால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் அவரைப் பூவலிங்கம் என்று சொல்வதில்லை. மகராசன் என்றுதான் சொல்வோம். ‘மெய்தவறா மகராசன்’ நாடகத்தில் அவர்தான் ராஜா. மந்திரி செய்த சூழ்ச்சியால் ராணி காட்டுக்குத் துரத்தப்படுகிறாள். பல வருஷம் கழித்துக் கந்தல் சேலையோடு, கையில் ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு சபைக்கு வந்து நிற்கிறாள். பிச்சைக்காரி என்று காவலாளிகள் தள்ளுகிறார்கள். ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து அவள் கையைப் பிடித்து, “சபையோரே, இவள் என் மனைவி, இது என் பிள்ளை” என்பார். கொட்டகையே மூக்கைச் சிந்தும். நான் பதினோரு தடவை பார்த்தேன், பதினோரு தடவையும் அழுதேன். என் புருஷன் செத்தபோதுகூட அவ்வளவு அழவில்லை. அழவைக்கிற மாதிரி அந்த மனிதன் வாழவும் இல்லை.

அந்தக் காட்சியிலிருந்துதான் அந்த வழக்கம் கிளம்பியது. குச்சனூரில் ஒரு வீட்டுக் கலியாணத்துக்கு அவரைக் கூப்பிட்டு, மாப்பிள்ளை கையில் தாலி எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். மகராசன் கை பட்டால் புருஷன் பெண்டாட்டியைக் கைவிட மாட்டான் என்று பேச்சாகிவிட்டது. அப்புறம் கம்பம், சின்னமனூர் என்று எல்லா ஊரிலும் அவர் நாடகத்துக்கு வரும் தேதியைக் கேட்டுக்கொண்டுதான் முகூர்த்தம் குறித்தார்கள். அவர் கலியாணமே செய்துகொள்ளாதவர், கலைக்கே தன்னைக் கொடுத்தவர் என்று நாடக நோட்டீசில் அச்சடித்திருக்கும். கலியாணமாகாத ஆள் தாலி எடுத்துக் கொடுக்கலாமா என்று ஒன்றிரண்டு பெரியவர்கள் கேட்டார்கள்தான். ராசாவுக்கு ஏது அந்தச் சட்டமெல்லாம் என்று நானே அவர்கள் வாயை அடைத்திருக்கிறேன்.

என் மகள் பவுனுக்குத் தேவாரம் ஊர்ச் சுருளிவேலைப் பேசி முடித்தோம். மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, பெரியப்பா ஒச்சாண்டிதான் எல்லாம். தாலியை மகராசன்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன். பூவலிங்கமும் இட்லியைப் பிட்டுக்கொண்டே, “நம்ம பவுனு கலியாணத்துக்கு வராம எங்க போகப் போறேன்க்கா” என்றார். எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், பகல் பன்னிரண்டு மணி வெயிலில் ஒருத்தி கடை வாசலில் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். கந்தல் சேலை, கழுத்தில் மஞ்சள் கயிறு, கூட ஒன்பது பத்து வயதில் ஒரு பெண்.

“அக்கா, பூவலிங்கம்னு நாடகக்காரரு எங்கன தங்கியிருக்காக?”

“நீ யாருத்தா?”

“எம் பேரு பிச்சையம்மா. வடுகபட்டி. அவுக எம் புருசன்.”

நான் கரண்டியோடு எழுந்துவிட்டேன். “உன்ன மாதிரி எத்தன பேரு கெளம்பியிருக்கீக? அவுக கலியாணமே பண்ணாதவுக. மருவாதியா வந்த வழியே போயிரு.”

அவள் சண்டைக்கு வரவில்லை. மகளின் நாடியைப் பிடித்து முகத்தை என் பக்கம் திருப்பினாள். பூவலிங்கத்தின் அதே மூக்கு, அதே அகல நெற்றி. உலகத்தில் ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“காசு வேணாம்க்கா, கூட வந்து இருக்கவும் வேணாம்” என்றாள் பிச்சையம்மாள். “இந்த ராமுத்தாயி மூணு மாசமா வயித்துல இருக்கையில நாடகக் கம்பெனியோட போனவுகதான். எங்க அண்ணன் பொண்டாட்டி, இவ யாருக்குப் பொறந்தவளோன்னு ஊரு பூரா சொல்லி வச்சுட்டா. பிள்ளைகூட ஒருத்தரும் வெளையாட விட மாட்டேங்கறாக. நாளைக்கு இவள எவன் கட்டுவான்? நாலு பேரு முன்னால எம் பிள்ளதான்னு ஒரு வார்த்த சொல்லட்டும். நான் போயிர்றேன்.”

நான் அவர்களை நத்தர்ஷா ராவுத்தர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொட்டகையை நடத்தும் காண்ட்ராக்டர் அவர். பூவலிங்கம் அவர் வீட்டு முன்கட்டில்தான் தங்குவார். இரக்கப்பட்டுக் கூட்டிப் போகவில்லை. அவளைப் பொய்க்காரி என்று காட்டத்தான் கூட்டிப் போனேன்.

பூவலிங்கத்தைச் சுற்றி அப்போதும் ஏழெட்டு ரசிகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிச்சையம்மாளைப் பார்த்ததும் வெற்றிலை மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தினார். பிறகு எழுந்தார். வலது தோளில் கிடந்த சரிகைத் துண்டை இடது தோளுக்கு மாற்றினார். இடது கையை நெஞ்சில் வைத்தார். இரண்டு மூச்சு நேரம் பேசாமல் நின்றார். இடது கண்ணில் மட்டும் நீர் கட்டியது.

“இந்தத் தாயை நான் இன்றுதான் காண்கிறேன். வறுமை யாரைத்தான் என்ன பேச வைக்காது? இவர்மீது கோபம் கொள்ளாதீர்கள். வயிறார உணவளித்து அனுப்புங்கள்.”

அங்கிருந்தவர்கள் உருகிப்போனார்கள். “என்னா மனசுய்யா” என்றான் ஒருவன். நான் மட்டும் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் நாடகத்தை ஒரு தடவையோ இரண்டு தடவையோ பார்த்தவர்கள். நான் பதினோரு தடவை, அதுவும் பாயில் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவள். துண்டு தோள் மாறுவதும், இரண்டு மூச்சும், இடது கண்ணில் முதலில் வரும் நீரும் எனக்கு மனப்பாடம். என் கடையில் சட்னியில் உப்பு இல்லையென்றால் அவர் வாயில் இட்லியோடு சொல்வார். அப்போது துண்டு அது பாட்டுக்குக் கிடக்கும். நெஞ்சில் கை போகாது. மனிதர் இப்போது நடிக்கிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் நடிப்பின்மேல் அவ்வளவு ஆசை இல்லாமலிருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

பிச்சையம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். நான் ராவுத்தரைத் தனியே பிடித்துக்கொண்டேன்.

“அண்ணே, அவ சொல்றது நெசந்தான?”

ராவுத்தர் தாடியைத் தடவினார். “எனக்கு ரெம்ப நாளாத் தெரியும் தங்கச்சி. மேடையில நிக்கிறது ராசா, எறங்குனா பூவலிங்கம். நான் ராசாவுக்குத்தான் டிக்கெட் விக்கிறேன். அந்த ஆளு பாட்ட நீயும் நானும் கேக்கலாம், அழலாம். அதுக்கு மேல நாம எதுக்குப் போகணும்?”

“நான் மேல போயிட்டேனே அண்ணே. எம் மக தாலிய எடுத்துக் குடுக்க வர்றது ராசாவா, பூவலிங்கமா?”

ராவுத்தர் நல்ல மனிதர்தான், பிழைப்பு அப்படி. கோபத்தில் அவரையும் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே ஒச்சாண்டியிடம் ஆள் விட்டேன். மகராசன் வேண்டாம், சம்பந்தி வீட்டுப் பெரியவரே எடுத்துக் கொடுக்கட்டும் என்று சொல்லச் சொன்னேன். “மகராசன் வாறாகன்னுதான் சனம் பூராம் வருது. அவுக வரலேன்னா முகூர்த்தத்தத் தள்ளி வச்சிக்கிருவோம்” என்று பதில் வந்தது. தள்ளிப்போன முகூர்த்தம் எத்தனை நடந்திருக்கிறது? வாயை மூடிக்கொண்டேன். தெருவில் இறங்கிப் போன பிச்சையம்மாளையும் பிள்ளையையும் கூட்டிவந்து என் வீட்டிலேயே தங்க வைத்தேன். யாரென்று கேட்டவர்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்றேன்.

எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால், தேங்காய்மேல் தாலியைச் சுற்றித் தாம்பாளத்தில் வைத்து, ஒரு சுமங்கலி பந்தல் முழுக்கக் கொண்டுபோவாள். எல்லாரும் தொட்டு ஆசீர்வாதம் செய்வார்கள். கடைசியில் தாம்பாளம் எடுத்துக் கொடுப்பவரிடம் வந்து நிற்கும். நான் கைம்பெண், தாம்பாளத்தைத் தொடக் கூடாது. ஆனால் அது யார் கையில் போக வேண்டும் என்று சொல்வது பெண்ணைப் பெற்றவளின் உரிமை. முகூர்த்த நேரத்தில் தாம்பாளத்தைப் பிச்சையம்மாளிடம் கொடுக்கச் சொன்னேன். அவள் மாட்டேன் என்று கையை இழுத்துக்கொண்டாள். “உன் கழுத்துல கெடக்கிறது தாலிதான? வாங்கு” என்று அதட்டினேன்.

தாம்பாளம் பந்தலைச் சுற்றி வந்தது. ஒச்சாண்டியின் பெண்சாதிதான் முதலில் கேட்டாள்.

“யாரு இது? புருசன் வரலையா?”

“வந்திருக்காக. தாம்பாளம் அவுககிட்டதான் போய்க்கிட்டிருக்கு” என்றேன் நான்.

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிச்சையம்மாள் பூவலிங்கத்தின் முன்னால் போய் நின்றாள். ராமுத்தாய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவளைத் தெரியாது என்று அந்த ஆள் சொல்லிவிட்டால், புருஷன் யாரென்று தெரியாதவள் கை பட்ட தாலி என்று ஆகிவிடும். சம்பந்திகள் அப்படியே எழுந்து போவார்கள். பவுனு மணவறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. பெற்ற மகளின் வாழ்க்கையை வைத்தா சூதாடினேன் என்று பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாமி சுருளி வேலப்பனை மனசுக்குள் கூப்பிட்டேன்.

பூவலிங்கம் தாம்பாளத்தைப் பார்த்தார். கந்தல் சேலையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்திப் பந்தலில் இருந்த நானூறு முகங்களைப் பார்த்தார். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

சரிகைத் துண்டு வலது தோளிலிருந்து இடது தோளுக்குப் போனது.

இரண்டு மூச்சு நேரம் ஆயிற்று. இடது கண்ணில் நீர் கட்டியது. அவர் பிச்சையம்மாளின் கையைப் பிடித்தார். “சபையோரே” என்றார். அந்தக் குரல் பந்தலைத் தாண்டித் தெருவுக்குக் கேட்டிருக்கும். “விதி எங்களைப் பிரித்தது. இவள் என் மனைவி. இது என் பிள்ளை.”

பெண்கள் குலவை போட்டார்கள். ஒச்சாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு “மகராசா, மகராசா” என்றார். பூவலிங்கம் தாலியை எடுத்துச் சுருளிவேல் கையில் கொடுத்தார், மேளம் கொட்டியது, என் மகள் கழுத்தில் தாலி ஏறியது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் உண்மையையும் அந்த மனிதர் பொய் சொன்ன மாதிரியேதான் சொன்னார். துண்டிலிருந்து கண்ணீர் வரை ஒன்றுகூட மாறவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பந்தல்காலைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டாவது தடவையாக அழுதேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பூவலிங்கம் போய்விட்டார். தேனியில் ரயிலைப் பிடித்து மதுரை, அங்கிருந்து சென்னை, படத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ராவுத்தர் வந்து சொன்னார். பிச்சையம்மாளிடம் ஏதாவது சொல்லச் சொன்னாரா என்று கேட்டேன். “ஒண்ணுஞ் சொல்லல தங்கச்சி” என்றார்.

ராவுத்தர் போனதும் நான் அடுப்படியில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அந்த வாயையும், அந்தத் துண்டையும், இட்லிக்கு விசிறிவிட்ட என் கையையும் சேர்த்து ஏசினேன். பிச்சையம்மாள் மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“ஏசாதீகக்கா” என்றாள். “நானூறு பேரு காதால கேட்டிருக்காக. வடுகபட்டியில இருந்துகூட ரெண்டு பேரு வந்திருந்தாக, அவுக போயிச் சொல்லுவாக. இனி எம் பிள்ளைய ஒருத்தி ஒண்ணு சொல்ல முடியாது. நான் கேட்டு வந்தது அம்புட்டுத்தான்.”

“அந்த ஆளு மனசாரச் சொல்லலத்தா.”

“தெரியும்க்கா. கையப் பிடிச்சாகள்ல, அப்பவே தெரிஞ்சிருச்சு. எம் மொகத்தப் பாக்கவே இல்ல.”

பின்னலுக்கு ரிப்பன் கட்டி முடித்தாள். மூட்டையை எடுத்து வைத்தாள். வாசல் வரை போனவள், கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குகிறவளாகத் திரும்பி நின்றாள்.

“அக்கா, நான் அந்த நாடகத்தப் பாத்ததே இல்ல. எங்க அண்ணன் விட மாட்டான். எல்லாரு முன்னாலயும் அப்படிச் சொன்னதுக்கப்புறம், அந்த ராசா என்னா செய்வாக? அந்த ராணியவும் பிள்ளையவும் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போவாகளா?”

ஊரையே ஏசிய அந்த வாயாலேயே சொன்னேன்.

“கூட்டிக்கிட்டுப் போவாகத்தா. தேர்ல வச்சு, மேளதாளத்தோட கூட்டிக்கிட்டுப் போவாக.”

பிச்சையம்மாள் குனிந்து மகளின் காதோரம், “கேட்டியாடி, தேர்லயாம்” என்றாள்.