பார்வையிட ஆள் வராத தண்ணீர்

வெள்ளம் வடிந்து ஏழு வருடம் ஆன பிறகும் சோபாக்காரியின் வீட்டில் மட்டும் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. தெருவில் காப்பீடு எடுத்திருந்த வீடு அது ஒன்றுதான். மற்ற வீடுகளில் மூன்றாம் நாளே தண்ணீர் வந்த வழியே போய்விட்டது. ஜனங்கள் சேற்றை வழித்துப் போட்டு, மெத்தையையும் பெட்டியையும் வெயிலில் காயவைத்து, அரசாங்கத்தை ஒரு வாரம் திட்டித் தீர்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். சோபாக்காரியின் வீட்டுக் கதவு திறந்தேதான் கிடந்தது. ஆனாலும் தண்ணீர் நிலைப்படியைத் தாண்டவில்லை. கண்ணாடி வைத்து அடைத்ததுபோல வாசலோடு நின்றது. விரலை விட்டால் விரல் நனைந்தது, எடுத்தால் தண்ணீர் பழையபடி நின்றது. நாற்றம் இல்லை, பாசி இல்லை, கொசுகூட எட்டிப் பார்க்கவில்லை. மோட்டார் வைத்து இழுத்தார்கள்; மோட்டார் சூடானதுதான் மிச்சம், குழாயின் மறுமுனையில் வெறும் காற்று வந்தது. வாளியில் மொண்டு வாசலுக்குக் கொண்டுவந்தால் வாளி காய்ந்து கிடந்தது. பக்கத்துக் கடை முடிதிருத்துபவருக்கு வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். "நாங்க இன்சூரன்ஸ் போடல, அதனால எங்க வீட்ல தண்ணி வடிஞ்சிருச்சு" என்று நாற்காலியில் உட்காருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பழைய சோபாக்களைப் பிரித்து, ஸ்பிரிங்கும் ஸ்பாஞ்சும் மாற்றி, புதுத் துணி போர்த்திக் கொடுப்பது அவள் தொழில். தெருவில் நேருக்கு நேர் அவளை அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் சோபாக்காரி என்பார்கள். தொழிலைக் கற்றுக்கொடுத்தவன் கணவன். துணி வெட்டும் பெரிய மேஜையை அவன் வீட்டின் முன்னறைக்குள்ளேயே வைத்துச் செய்தான்; செய்து முடித்த பிறகுதான் அது எந்தக் கதவு வழியாகவும் வெளியே போகாது என்று தெரிந்தது. "எதுக்கு வெளிய போகணும்?" என்று சமாளித்துவிட்டான். வெள்ளம் வருவதற்கு முந்தைய வருடம் நெஞ்சு வலி வந்து அவன் போய்ச் சேர்ந்தான். அவன் விட்டுப் போனது அந்த மேஜையும், ஒரு கால்மெஷினும், தம்பியின் நச்சரிப்புத் தாங்காமல் போட்டு வைத்த ஒரு வீட்டுக் காப்பீடும்தான்.

அந்தத் தம்பி காப்பீட்டு ஏஜென்ட். சொந்தபந்தத்தில் அவனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, பாலிசி என்றால் அவன்தான். தெருமுனையில் அவன் தலை தெரிந்ததுமே கதவுகள் சாத்திக்கொள்ளும், டிவியின் சத்தம் குறையும், வீட்டில் யாரும் இல்லை என்று வீட்டுக்காரரே உள்ளே இருந்து குரல் கொடுப்பார். துக்க வீட்டுக்கு வந்தாலும் அடுத்தது யார் என்பதுபோல ஒருமுறை சுற்றிப் பார்ப்பான் என்று அவனைப் பற்றிச் சொல்வார்கள். கெட்டவன் இல்லை. தவணை கட்ட மறந்தால் ஞாபகப்படுத்துவான், காய்ச்சல் என்றால் வந்து நிற்பான். வந்து நின்றுவிட்டு மருத்துவக் காப்பீடு பற்றி ஆரம்பிப்பான், அதுதான் தொல்லை. அண்ணன் அவனை எழுப்பி அனுப்புவதற்காகவே ஒரு நாள் கையெழுத்துப் போட்டான்.

வெள்ளத்தன்று மாலை அவனிடமிருந்து போன் வந்தது. "அண்ணி, எதையும் தொடாதீங்க. ஆபீஸ்லேருந்து ஆள் வந்து பார்வையிடற வரைக்கும் எல்லாம் அப்படியே இருக்கட்டும். வீட்டைப் பூட்டிட்டும் எங்கயும் போயிராதீங்க, ஆள் இல்லாத வீட்டுக்குத் தரமாட்டாங்க" என்றான். சோபாக்காரி சொன்ன பேச்சைக் கேட்கிறவள். எதையும் தொடவில்லை. தண்ணீரும் அப்படியே இருந்துவிட்டது. மறுநாள் கேட்டதற்கு நாளைக்கு வருவார் என்றான். அதற்கு மறுநாளும் நாளைக்கு என்றான். அந்த மாதம் முழுக்க நாளைக்கு நாளைக்கு என்றே போனது. பிறகு அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. அடுத்து அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. ஊரார் காசைச் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான் என்றார்கள் சொந்தக்காரர்கள். அவன் சுருட்டிய காசு என்று யாராலும் ஒன்றைக் குறிப்பாகக் காட்ட முடியவில்லை, இருந்தாலும் சொன்னார்கள்.

நடந்தது வேறு. அந்த வருடம் கம்பெனி ஏஜென்ட்டுகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பார்வையிடப் போகிற ஆட்களையும் சேர்த்தே அனுப்பியது. இனி எல்லாம் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம், நடுவில் கமிஷன் தின்ன ஒருத்தன் எதற்கு என்று விளம்பரம் வந்தது. தெருவில் எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. சோபாக்காரியின் மகளுக்கும் பட்டது. அவள் வேலைக்காக ஊரின் மறுகோடியில் அடுக்குமாடி ஒன்றில் குடியிருந்தாள், சித்தப்பாவின் மேல் அவளுக்கு அடங்காத ஆத்திரம். "இவங்களை நம்பி நம்பியே நாசமாப் போனோம்மா. இப்ப யாரு ஏஜென்ட்கிட்ட போறா? ரெண்டு நிமிஷத்துல நானே க்ளெய்ம் போடறேன், பேப்பரைக் கொடு" என்று ஜீன்ஸை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி, போனில் நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பினாள். பதில் உண்மையிலேயே இரண்டு நிமிடத்தில் வந்தது. சேதம் எதுவும் காணப்படவில்லை, தங்கள் இல்லத்தைச் சிறப்பாகப் பராமரிப்பதற்கு வாழ்த்துகள் என்று இருந்தது. படத்தைத் திறந்து பார்த்தார்கள். தரை காய்ந்து பளிச்சென்று இருந்தது. மேஜை, கால்மெஷின், மூலையில் ஸ்பாஞ்ச் அடுக்கு, எல்லாம் உலர்ந்த தரையில் நின்றன. நடுவில் அம்மா புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு காரணமில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். மகள் போனைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், திரும்பவும் போனைப் பார்த்தாள். கம்பெனியின் எண்ணுக்கு அடித்தால் இனிமையான இசை வந்தது, ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்றது, கடைசியில் மேலும் விவரங்களுக்கு உங்கள் ஏஜென்ட்டை அணுகவும் என்றது.

வருடங்கள் போயின. முதல் வருடம் தண்ணீர் குளிர்ந்தது. இரண்டாம் வருடம் கால்கள் வலித்தன. மூன்றாம் வருடத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. மேஜையை வெளியே கொண்டுபோக முடியாததால் அவள் தண்ணீரில் நின்றே துணி வெட்டினாள், தண்ணீருக்கடியில் இருந்த மிதிப்பலகையை மிதித்துத் தைத்தாள். காலில் உணர்வு இல்லாததால் மிதிக்கிறோமா இல்லையா என்பது அவளுக்குத் தையல் ஓடுவதைப் பார்த்துத்தான் தெரியும். இரவில் மேஜைமேல் படுத்துக்கொண்டாள். வாடிக்கையாளர்கள் வாசலோடு சோபாவைக் கொடுத்து வாசலோடு வாங்கிப் போனார்கள். முதலில் ஆச்சரியப்பட்டார்கள், பிறகு அனுதாபப்பட்டார்கள், பிறகு துணியின் நிறம் பற்றி மட்டும் பேசினார்கள். ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. மரத்துப்போனது காலோடு நிற்கவில்லை. மகளுக்குக் கல்யாணம் நடந்தது, படம் எடுக்கிறவர் சொன்னபோது இவள் சிரித்தாள். பேத்தி பிறந்தாள், கையில் வாங்கிப் பார்த்துவிட்டு எடை சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். எதிலும் குறை வைக்கவில்லை, எதுவும் உள்ளே போகவும் இல்லை. வருத்தமாவது வந்தால் தேவலை என்று ஒரு நாள் நினைத்தாள், அதையும் மறந்துவிட்டாள்.

ஏழாம் வருடம் மரத்த இடம் முழங்காலைத் தாண்டியது. தண்ணீர் இருந்த மட்டத்திலேயே இருந்தது, மரப்பு மட்டும் ஏறியது. டாக்டர் ஊசியால் குத்திக்கொண்டே மேலே வந்தார், தொடையில் நாலு விரல் தூரம் போன பிறகுதான் அவள் லேசாக முகம் சுளித்தாள். இப்படியே போனால் இடுப்புக்கு ஏறிவிடும், அப்புறம் நிற்க முடியாது, வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். மகள் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். சோபாக்காரி ஒரு வாரம் போய் இருந்தும் பார்த்தாள். காய்ந்த தரையிலும் மரப்பு இறங்கவில்லை, மேலும் அரை விரல் ஏறியது. திரும்பி வந்து, தண்ணீரில் நின்றுகொண்டு யோசித்தாள். காசு வந்தாலும் வராவிட்டாலும் போகட்டும், யாராவது ஒரு ஆள் உள்ளே வந்து இதைப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் இது நம்மை விடாது என்று அவளுக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

பாலிசியைக் கண்டுபிடித்தவள் மகள்தான். பெரிய கடைவளாகம் ஒன்றின் கீழ்த்தளத்தில் கார் நிறுத்தப் போனபோது, விசிலும் கையுமாக வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றானாம். கண்ணாடியைக்கூட இறக்காமல் வந்துவிட்டதாகச் சொன்னாள். மறுநாள் சோபாக்காரி பஸ் ஏறிப் போனாள். அவளைப் பார்த்ததும் அவன் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஊரெல்லாம் ஒளிய ஒளியத் தேடிப் பிடித்தவனுக்கு ஒளியத் தெரியவில்லை. தூண் ஒல்லி, அவன் குண்டு.

"தம்பி, வெளிய வாங்க. தெரியுது."

வந்தான். தலை நரைத்திருந்தது. "நல்லா இருக்கீங்களா அண்ணி?" என்றான்.

"தண்ணி இன்னும் நிக்குது."

"தெரியும் அண்ணி. தெருமுனை வரைக்கும் எத்தனையோ தடவை வந்திருக்கேன், திரும்பிப் போயிருக்கேன். நாளைக்கு வருவாரு, நாளைக்கு வருவாருன்னு எவ்வளவுதான் சொல்றது? எனக்கே வாய் கூசிப்போச்சு. அதான் போனையே எடுக்கல."

"நான் பணம் கேட்டு வரல. நீங்க ஒரு தடவை வந்து பாருங்க."

"நான் பார்த்து என்ன ஆகப்போகுது? என்னைத்தான் வேலையை விட்டு எடுத்துட்டாங்களே. இப்ப நான் எந்தக் கம்பெனிக்கும் ஆள் இல்ல."

"கம்பெனியை யாரு கூப்பிட்டா? உங்களுக்குக் கண்ணு இருக்குல்ல?"

பின்னால் ஒரு கார் பொறுமையிழந்து ஒலி எழுப்பியது. பாலிசி விசில் ஊதி அதை இடப்பக்கம் அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தனக்கு லீவு என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பழைய கோலத்திலேயே வந்தான். இஸ்திரி போட்ட கால்சட்டை, சட்டைப்பையில் பேனா. முடிதிருத்துபவர் நாற்காலியில் இருந்தவரைப் பாதிக் கன்னத்துச் சோப்போடு விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றார். பாலிசி ஷூவைக் கழற்றி, சாக்ஸை அதற்குள் சுருட்டி வைத்து, கால்சட்டையைத் தொடை வரைக்கும் மடித்துவிட்டு, வரலாமா அண்ணி என்று கேட்டுக்கொண்டு உள்ளே இறங்கினான். சுவரில் ஈரக்கறை ஏறியிருந்த இடத்தைக் கையால் தடவினான். மெஷினின் துருப்பிடித்த சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான். அண்ணன் செய்த மேஜையின் கால்கள் ஊறி உப்பியிருந்ததைக் குனிந்து பார்த்தான், சட்டைக் கை நனைந்ததைக் கவனிக்கவில்லை. பிறகு, எத்தனையோ வீடுகளில் கேட்டுக் கேட்டு வாயில் படிந்துபோன அந்தக் கேள்விகளைக் கேட்டான். தண்ணீர் எந்தப் பக்கமாக வந்தது, அப்போது எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள், முதலில் எதைக் காப்பாற்றினீர்கள்.

"ஒரு டாக்டரம்மாவோட சோபா. மூணு பேர் உக்கார்றது. மத்தவங்க பொருள் நம்மகிட்ட இருக்கே, கெட்டுப்போச்சுன்னா என்ன பதில் சொல்றதுன்னு அதைத் தூக்கி மேஜைமேல வச்சேன். சரியும்போல இருந்துச்சு, அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதுக்குள்ள நம்ம சாமான் எல்லாம் முங்கிருச்சு. கட்டில், துணிமணி, அவரோட சுத்தியல் பெட்டி, எல்லாம் கண்ணு முன்னாலயே."

"தனியாவா தூக்கினீங்க?"

"வேற யாரு இருக்கா? அவர் அதுக்கு முந்தின வருஷமே போயிட்டாரே."

"நீங்க தனியாப் பிடிச்சுக்கிட்டு நின்னது எனக்குத் தெரியாதே அண்ணி."

"யாரும் கேக்கல" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. வெள்ளத்தன்று அழவில்லை, கணவன் போனபோதுகூட வருகிறவர்களைக் கவனிக்கவேண்டியிருந்ததால் சரியாக அழவில்லை. இப்போது மேஜையைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதாள். பாலிசி ஆறுதல் சொல்லவில்லை, அவனுக்கு அது வராது. ரொம்பக் கஷ்டம் அண்ணி, ரொம்பக் கஷ்டம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

"தம்பி, தண்ணி ஜில்லுன்னு இருக்கு."

"ஆமா அண்ணி. எனக்கும் ஏறிருச்சு" என்றான் அவன். பல் கிட்டிக்கொண்டுதான் இருந்தது.

தண்ணீர் அன்றைக்கு வடியவில்லை, அதற்குப் பிறகும் வடியவில்லை. வடியும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. கம்பெனியிலிருந்து மாதாமாதம் வாழ்த்து வந்துகொண்டிருக்கிறது. ஏஜென்ட்டெல்லாம் இந்தக் காலத்துக்குத் தேவையே இல்லை என்று மகள் இப்போதும் அடித்துச் சொல்கிறாள், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைச் சித்தப்பாவிடமே சொல்கிறாள், அவனும் ஆமாம் என்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வருகிறான். வந்ததும் முதலில் முடிதிருத்துபவர் தன் கடைக் கண்ணாடியில் விழுந்த விரிசலைக் காட்டக் கூட்டிக்கொண்டு போகிறார், எதிர்வீட்டில் செத்துப்போன நாய் படுத்திருந்த இடத்தைக் காட்டுகிறார்கள். காப்பீடு கிடையாது, சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள், அவனும் குனிந்து பார்த்து எப்போது நடந்தது என்று விசாரிக்கிறான். சோபாக்காரியின் மரப்பு கணுக்கால் வரைக்கும் இறங்கிவிட்டது. மழைக்காலத்தில் தண்ணீர் இன்னும் குளிர்கிறது. அந்த நாட்களில் அவள் பாதித் தையலில் எழுந்து வந்து வெளிப்படியில் உட்கார்ந்துகொண்டு, கால் ரொம்ப வலிக்குது, தாங்க முடியல என்று தெருவில் போகிறவர்கள் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்கிறாள்.