வாழ்த்து அட்டையில் ஓர் இறந்தகாலம்

தொம்மலூர் அலுவலகத்தில் தாரணிக்கு வேலை, ஸ்பெயின் வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவது. திருப்பத்தூரிலிருந்து வந்த இத்தனை வருடங்களில் புகார் மொழி மட்டும் கைவந்திருந்தது. முறையான ஸ்பானிஷ் இலக்கணத்தை இப்போதுதான் ஒரு தேர்வுக்காகப் படித்தாள்.

ஒரு மதியம், கூடப் படிக்கும் சௌம்யா கேன்டீனில் இறந்தகாலத்தை விளக்கினாள்.

"அங்க ரெண்டு இருக்குப்பா. 'தே கெரீயா'ன்னா, அப்போ உன்மேல ஆசை இருந்துச்சு. இப்பவும் இருக்கலாம். 'தே கீசே'ன்னா இருந்துச்சு, முடிஞ்சிருச்சு."

தாரணியின் கையில் சப்பாத்தி அப்படியே நின்றது.

பிரேசர் டவுனில் வீடிருந்த டெரிக் மூன்று வருடம் அவளுக்குப் பக்கத்து இருக்கை. அவன் ஸ்பெயினின் வலென்சியாவுக்கு வேலை மாறிப் போனபோது, வாயால் சொல்லத் துணியாமல், வாழ்த்து அட்டையில் 'தே கீசே முச்சோ' என்று எழுதிக் கொடுத்தாள். இத்தனை நாளும் உன்னை ரொம்ப நேசித்தேன் என்று சொல்வதாக நினைப்பு. அவனிடமிருந்து 'தேங்க்ஸ்' என்று ஒரு செய்தி வந்தது. பிறகு பிறந்தநாள் வாழ்த்துகள் மட்டும். அந்த ஒற்றைச் சொல்லை இரண்டு வருடமாக எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடிப்படியில் நின்று அவனை அழைத்தாள்.

"அந்த கார்டு ஞாபகம் இருக்கா டெரிக்?"

"இருக்கு. வீட்டு ஓனரம்மாகிட்ட காட்டினேன். முடிஞ்சுபோன காதல்னாங்க. நீயே முடிச்சிட்ட, தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு ஒதுங்கிட்டேன்."

"எனக்கு அப்போ கிராமர் தெரியல. முடிஞ்சதுன்னு நான் நினைக்கவே இல்ல."

மறுமுனையில் டிராம் ஒன்று கடந்து போகும் சத்தம் கேட்டது.

"அதுல இருந்து வெளிய வர எனக்கு ஒரு வருஷம் ஆச்சு தாரணி."

"இப்போ?"

'தே கீசே' என்று அவன் ஸ்பானிஷில் சொன்னான். அவள் எழுதிய அதே வினை. அவன் அர்த்தம் தெரிந்தே சொன்னான்.

அவள் போனை வைத்துவிடவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள். பிரேசர் டவுன் வீட்டில் அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகம், போய்ப் பார்க்க ஆளில்லை என்றான் அவன். நான் போகிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது, சர்ச் ஆராதனை முடிந்து வந்த அவன் அம்மா டீ போட்டுக் கொடுத்தாள்.

"உன்னைப் பத்தி தினம் பேசுவான் கண்ணு."

'பேசுவான்' என்று பழைய கதையைச் சொல்கிறாளா, இப்போதும் நடப்பதைச் சொல்கிறாளா என்று தாரணி கேட்கவில்லை. டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள்.